கில் ஹாட்ஜஸுக்காக ஒரு செபம்

ஞாயிறு திருப்பலியில் பிரசங்கம் நீண்டுவிட்டது என்று முணுமுணுத்தவாறு கோயில் படியிறங்காத விசுவாசி நம்மில் யார்? அடுப்பில் வைத்துவிட்டு வந்த குழம்பு ஒருவருக்கு நினைவுக்கு வரும். புறப்பட்டுவிடும் பேருந்து இன்னொருவருக்கு நினைவுக்கு வரும். அத்தகையோர் அனைவரும் கேட்டு மகிழத்தக்க குறும்பிரசங்கம் ஒன்று, 1953-ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியில் நிகழ்த்தப்பெற்றது.

நம் முத்துக்குளித்துறையில் கால் பதித்து நடந்த அதே புனித சவேரியாரின் பெயரால் அங்கும் ஒரு கோயில் உண்டு. அதில் பணியாற்றிய ஹெர்பர்ட் ரெட்மண்ட் என்னும் குரு, ஒரு ஞாயிறன்று மக்களை நோக்கித் திரும்பினார். புழுக்கம் தாளவில்லை. பிரசங்கம் செய்ய இயலாத அளவுக்கு வெப்பம் மிகுந்திருப்பதாகக் கூறினார். ஆதலால் வீட்டுக்குச் சென்று, பத்துக் கட்டளைகளையும் கடைப்பிடித்து, கில் ஹாட்ஜஸுக்காக ஒரு செபம் சொல்லுமாறு கேட்டுக்கொண்டு முடித்துவிட்டார். அவ்வளவுதான் பிரசங்கம்!

மக்கள் சிரித்திருப்பார்கள், ஆயினும் செபித்தார்கள். அந்தச் செபத்தின் கதையையும், பதினாறு ஆண்டுகளுக்குப்பின் அது எங்கெல்லாம் சென்று கிளைத்தது என்பதையும் இத்திங்கள் வாசகர்களோடு சிந்திக்க விழைகிறோம். விளையாட்டுச் செய்திக்கும் குடும்ப இதழுக்கும் என்ன உறவு என்று வினவ வேண்டா. உறவு உண்டு. சற்றுப் பொறுத்தருள்க.

இருபத்தொரு முறை

கில் ஹாட்ஜஸ் என்பவர் பேஸ்பால் ஆட்டக்காரர். பேஸ்பால், நம்மவர் அறிந்த கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. ஒருவர் பந்தை எறிய, மற்றொருவர் உருண்டை மட்டையால் அடித்துவிட்டு நான்கு தளங்களைச் சுற்றி ஓடி வருவார். சுற்றி முடித்தால் ஓர் ஓட்டம். பந்தைக் களத்தின் வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டால் ஹோம் ரன். பக்கத்துக்கு ஒன்பது பேர். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்.

இந்த ஆட்டத்தில் ஒரு விந்தை உண்டு. பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை நன்கு அடித்துத் தளத்தை எட்டுபவர் தலைசிறந்த ஆட்டக்காரர் எனப் போற்றப்படுகிறார். அதாவது, பத்தில் ஏழு முறை தோற்றுத் தலைகுனிந்து திரும்புபவரே அங்கே வீரர்! தோல்வியைத் தாங்கத் தெரியாதவருக்கு அந்த ஆட்டத்தில் இடமில்லை.

ஹாட்ஜஸ் 1924-ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படைத் துருப்பில் சேர்ந்து ஒக்கினாவாத் தீவில் போரிட்டவர். போருக்குப்பின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தூண்களுள் ஒருவரானார். புரூக்ளின் பெண் ஒருவரை மணந்து, அங்கேயே இல்லறம் நடத்தி, அங்குள்ள கோயிலுக்கே திருப்பலிக்குச் சென்றுவந்தார். கரங்கள் மிகப் பெரியவை. குரலோ மிக மெல்லியது.

1952-ஆம் ஆண்டு இறுதிப் போட்டித் தொடரில் (இதனை உலகத் தொடர் என்பர்) அவருக்குச் சோதனை வந்தது. ஏழு ஆட்டங்களில் 21 முறை பந்தை அடிக்க முயன்றார். ஒருமுறையேனும் வெற்றி கிட்டவில்லை. அவருடைய அணி தோற்றது. அடுத்த ஆண்டு ஆட்டங்கள் தொடங்கியபோதும் நிலை மாறவில்லை. மே மாதத்தில் ஆட்டத்திலிருந்து விலக்கி உட்கார வைக்கப்பட்டார்.

பல்லாயிரவர் கூடும் அரங்குகளில் தோற்ற வீரனுக்கு என்ன கிடைக்கும் என்பதை நாம் அறிவோம். வசை கிடைக்கும், கூச்சல் கிடைக்கும். புரூக்ளின் மக்களும் வசை பாடுவதில் பிறருக்கு இளைத்தவர் அல்லர். ஆயினும் இந்த ஒரு மனிதரை அவர்கள் ஏசவில்லை. அவர் மட்டையேந்தி வரும்போதெல்லாம் எழுந்து கைதட்டினார்கள். கடிதங்களும் செபமாலைகளும் அவர் வீட்டில் வந்து குவிந்தன. அந்த நாள்களில்தான் ரெட்மண்ட் அடிகளாரின் குறும்பிரசங்கமும் பிறந்தது.

செபத்தோடு வேறொன்றும் நடந்தது. அணியின் பயிற்சியாளர், ஹாட்ஜஸ் ஆடுவதைத் திரைப்படமாக எடுக்கச் செய்து அவருக்கே போட்டுக் காட்டினார். பந்து வரும்போது அவர் கால் தம்மை அறியாமலே விலகிப் போவதை அவர் கண்ணாலேயே கண்டார். கண்டதைத் திருத்த உழைத்தார். அந்த ஆண்டு முடிவில் அவர் அடித்த ஹோம் ரன்கள் 31. அவர் மட்டையால் அணிக்குச் சேர்ந்த ஓட்டங்கள் 122. செபித்தவர்கள் மகிழ்ந்தார்கள். உலகத் தொடரில் அவர் அணி மீண்டும் தோற்றது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். காசு போட்டால் பண்டம் தரும் இயந்திரம் அன்று செபம். அணி வெல்ல 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டின் இறுதி ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் பெற்ற இரண்டு ஓட்டங்களும் ஹாட்ஜஸின் மட்டையால் வந்தவையே.

நகைப்புக்கு ஒரு பெயர்

1957-ஆம் ஆண்டோடு டாட்ஜர்ஸ் அணி புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. வெறுமையான நியூயார்க் மக்களின் நெஞ்சை நிரப்ப 1962-இல் மெட்ஸ் என்னும் புதிய அணி உருவாயிற்று. பிற அணிகள் வேண்டா என்று ஒதுக்கியவர்களைக் கொண்டே பெரும்பாலும் அது கட்டப்பட்டது. வயது முதிர்ந்து, முழங்கால் நோவோடு திரும்பிவந்த ஹாட்ஜஸும் அவர்களுள் ஒருவர். மெட்ஸ் அணியின் முதல் ஹோம் ரன் அவர் அடித்ததே.

முதல் ஆண்டில் அந்த அணி 40 ஆட்டங்களில் வென்றது. 120 ஆட்டங்களில் தோற்றது! அடுத்த ஆண்டு 111 தோல்வி. அதற்கடுத்து 109. அதற்கடுத்து 112. பத்து அணிகள் கொண்ட லீகில் ஏழு ஆண்டுகளில் ஐந்து முறை பத்தாம் இடம். இரண்டு முறை ஒன்பதாம் இடம். மெட்ஸ் என்ற பெயரே நகைச்சுவைத் துணுக்காயிற்று. மனிதன் சந்திரனில் காலடி வைத்தாலும் வைப்பான், மெட்ஸ் வெல்லப்போவதில்லை என்று வேடிக்கை பேசினார்கள்.

நகைப்பு கொடியது, வாசகர்களே. எதிரியின் கோபத்தை வீரன் தாங்குவான். தன் மக்களே தன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது, அவனும் உடன் சிரிக்கப் பழகிவிடுகிறான். அந்நாளோடு அவன் முயற்சி முடிகிறது. ‘நாம் இவ்வளவுதான்’ என்று ஒரு மனிதனோ ஒரு குடும்பமோ ஏற்றுக்கொண்டுவிட்டால், அதனினும் பெரிய தோல்வி வேறென்ன?

1968-இல் ஹாட்ஜஸ் இந்த அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். இடையில் அவர் வாஷிங்டன் அணியை ஐந்தாண்டுகள் வழிநடத்தியிருந்தார். அங்கு நிகழ்ந்த ஒன்றை இங்கே குறிப்பிடாமல் அப்பால் செல்ல மனமில்லை. 1965-இல் அவ்வணியின் பந்தெறிவாளர் ஒருவர், குடிக்கு அடிமையாகி, ஆட்டமும் கைவிட்டுப்போன நிலையில், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு ஒரு பாலத்தின்மீது ஏறி நின்றார். செய்தியறிந்த ஹாட்ஜஸ் விரைந்து சென்று, மெல்லப் பேசிப் பேசி, அவரைக் கீழே இறங்கச் செய்தார். அந்த மனிதர் பின்னர் குடியை அறவே விட்டு, தம்மைப்போல் வீழ்ந்தோரை மீட்கும் பணியில் வாழ்நாளைச் செலவிட்டார். இருபத்தொரு முறை தோற்று நின்ற ஒருவரே அந்தப் பாலத்தில் பேசத் தகுதி வாய்ந்தவர் எனலாம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை

மெட்ஸ் அணியில் டாமி ஏஜி என்னும் இளைஞர் இருந்தார். அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரத்துக் கறுப்பினத்தவர். சிக்காகோ அணியிலிருந்து ஹாட்ஜஸ் விரும்பிக் கேட்டு அழைத்து வந்தவர். வந்தவர் என்ன செய்தார்? 1968 பயிற்சி ஆட்டத்தில் எறியப்பட்ட பந்து தலையில் பட்டு வீழ்ந்தார். பின்னர், தொடர்ந்து 34 முறை மட்டை பிடித்தும் ஒருமுறையும் பயனில்லை. ஹாட்ஜஸின் இருபத்தொன்றினும் பெரிய எண்!

இவரை விற்றுவிடுங்கள் என்று சொல்ல ஆயிரம் பேர் இருந்தனர். ஹாட்ஜஸ் கைவிடவில்லை. தமக்காக எழுந்து கைதட்டிய புரூக்ளின் மக்களை அவர் மறந்திருக்க முடியுமா? அடுத்த ஆண்டும் ஏஜிக்கு அவருடைய இடம் இருந்தது. அந்த ஆண்டு அவர் 26 ஹோம் ரன்கள் அடித்தார்.

அணியிலேயே வயதில் மூத்தவர் எட் சார்லஸ். நிறவேற்றுமையின் காரணமாகவும் வாய்ப்பு இன்மையாலும் சிறு அணிகளிலேயே ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்து, இருபத்தெட்டு வயதுக்குமேல் பெரிய லீகில் அடியெடுத்து வைத்தவர். ஓய்வு நேரத்தில் கவிதை எழுதுபவர். ஆல் வைஸ் மெலிந்த உடலினர். அவர் மட்டையை எவரும் பொருட்படுத்துவதில்லை. ரான் ஸ்வபோடா வலிமையாக அடிப்பார். ஆயின் வரும் பந்தைப் பிடிப்பதில் தடுமாறுவார். டான் கிளெண்டனன் ஆட்டத்தை விட்டே விலகிவிட எண்ணி, 1969 ஜூன் மாதம் வேறு அணியிலிருந்து வந்து சேர்ந்தவர்.

டாம் சீவர், ஜெர்ரி கூஸ்மன் ஆகிய இரு இளம் பந்தெறிவாளர்கள் பேராற்றல் உடையவர்கள்தாம். ஆயினும் எறிவோர் இருவரைக் கொண்டு ஓர் அணி எழுந்துவிடாது. ஆகவே ஹாட்ஜஸ் ஒரு முறையைக் கையாண்டார். முதல் தளத்துக்கு இருவர், இரண்டாம் தளத்துக்கு இருவர், மூன்றாம் தளத்துக்கு இருவர், வலப்புறக் களத்துக்கு இருவர் என வகுத்தார். எதிரணியில் இடக்கையர் பந்தெறிந்தால் ஒருவர் ஆடுவார். வலக்கையர் எறிந்தால் மற்றவர் ஆடுவார். அன்றாடம் ஆட முடியவில்லையே என்று மனம் குமைந்தவர்களும் உண்டு. ஆனால் தமக்கென ஒரு வேலை காத்திருக்கிறது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். வெறுமனே பெஞ்சைத் தேய்ப்பவர் என்று ஒருவரும் இல்லை.

இதற்கிடையே 1968 செப்டம்பர் 24-ஆம் நாள், அட்லாண்டா நகரில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஹாட்ஜஸுக்கு மாரடைப்பு வந்தது. வயது நாற்பத்து நான்குதான். பலர் இத்தோடு முடிந்தது என்றனர். அடுத்த வசந்தத்தில் அவர் திரும்பி வந்தார்.

1969

ஆண்டின் முதல் ஆட்டத்தில், அன்றுதான் பிறந்த மான்ட்ரியல் அணியிடம் மெட்ஸ் 11-10 எனத் தோற்றது. சிரிப்பவர்கள் சிரித்தார்கள். மே 21-ஆம் நாள் 18 வெற்றி, 18 தோல்வி என்னும் சமநிலையை எட்டியது. இத்தனை ஆட்டங்களுக்குப்பின் சமநிலையை எட்டியது அந்த அணிக்குப் புதுமை என்பதால், கொண்டாட்டத்தைக் காணப் பத்திரிகையாளர் உடைமாற்றும் அறைக்கு விரைந்தனர். கொண்டாட்டம் இல்லை. பாதி வெற்றியில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று சீவர் கூறிவிட்டார். பிறகு ஐந்து ஆட்டங்களில் தொடர்ந்து தோல்வி. அதன்பின் பதினொன்றில் தொடர்ந்து வெற்றி!

ஜூலை 20-இல் மனிதன் சந்திரனில் இறங்கினான். ஜூலை 30-இல் மெட்ஸ் தரையில் வீழ்ந்தது. ஹூஸ்டன் அணியுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதலாவதில் 16-3 எனத் தோல்வி. இரண்டாவதிலும் அடிமேல் அடி. இடப்புறக் களத்தில் நின்றவர் கிளியான் ஜோன்ஸ். அணியின் தலைசிறந்த மட்டையாளர். ஏஜியின் ஊர்க்காரர், பள்ளித் தோழர். தம் பக்கம் வந்த பந்தை எடுக்க அவர் மெதுவாக ஓடியதாகத் தோன்றிற்று.

ஹாட்ஜஸ் எழுந்தார். பந்தெறிவாளரிடம் செல்கிறார் என்று எண்ணினர். அவரைக் கடந்து நடந்தார். அடுத்து நின்றவரையும் கடந்தார். தலைகுனிந்தவாறு, அவசரமின்றி, நெடுந்தொலைவு நடந்து ஜோன்ஸிடம் சென்றார். கூச்சல் இல்லை; கையை ஓங்கவில்லை. காலில் நோவு உண்டா என்று வினவியதாக ஜோன்ஸ் பிற்காலத்தில் கூறியுள்ளார். கணுக்கால் நோவும் இருந்தது. களம் மழைநீரில் ஊறியும் இருந்தது. ஓட முடியாவிட்டால் வந்துவிடு என்னும் பொருள்பட இரண்டொரு சொற்கள். பிறகு திரும்பி நடந்தார். ஜோன்ஸ் சற்றுப் பின்னே தொடர்ந்து வந்தார். முதல்வன் என்பதற்காக ஒருவனுக்குத் தனிச்சலுகை இல்லை என்பதை அரங்கமே கண்டது. அவர் செய்தது சரியா, அத்தனை பேர் முன்னிலையில் செய்திருக்க வேண்டுமா என்னும் வாதம் பல ஆண்டுகள் தொடர்ந்தது. நாம் தீர்ப்புக் கூறத் துணியவில்லை. ஜோன்ஸ் மீண்டும் களத்துக்கு வந்தார் என்பதையும், ஆண்டு முடிவில் லீகின் முதன்மை மட்டையாளர் வரிசையில் நின்றார் என்பதையும் மட்டும் பதிவு செய்கிறோம். கண்டித்தவர் கதவை அடைத்துவிடவில்லை.

ஆகஸ்டு நடுவில் முதலிடத்திலிருந்த சிக்காகோ கப்ஸ் அணிக்கு மெட்ஸ் பத்து ஆட்டங்கள் பின்தங்கியிருந்தது. அதன்பின் நடந்தது நம்புதற்கு அரியது. கடைசி 49 ஆட்டங்களில் 38 வெற்றிகள். செப்டம்பர் 24-ஆம் நாள் பிரிவின் முதலிடம் மெட்ஸுக்கு உறுதியாயிற்று. ஹாட்ஜஸின் இதயம் தடுமாறி, சரியாக ஓராண்டு நிறைந்த நாள் அது! மொத்தம் 100 வெற்றிகள். சிக்காகோவைவிட எட்டு ஆட்டங்கள் முன்னே.

பால்டிமோரின் மறைமாவட்டமும் செபித்திருக்கும்

அட்லாண்டா அணியை மூன்று நேர் ஆட்டங்களில் வென்று, மெட்ஸ் உலகத் தொடருக்கு வந்தது. எதிரே நின்றது பால்டிமோர் ஓரியோல்ஸ். அவ்வாண்டு 109 ஆட்டங்களில் வென்ற பேரணி. ஆண்டவர் ஒரு கட்சியில் சேர்ந்து மறு கட்சியைத் தோற்கடித்தார் என்று நாம் எழுதத் துணியோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் கத்தோலிக்க மறைமாவட்டம், 1789-இல் நிறுவப்பட்ட பால்டிமோர் அன்றோ! அங்கும் செபமாலைகள் உருண்டிருக்கும்.

முதல் ஆட்டத்தில் மெட்ஸ் தோற்றது. இரண்டாவதில், கடைசி இன்னிங்ஸில், மூத்தவர் சார்லஸ் ஒரு பந்தை அடித்துத் தளத்தை எட்டினார். எவரும் பொருட்படுத்தாத ஆல் வைஸின் மட்டை அவரை ஓடி வரச் செய்தது. 2-1 என வெற்றி. மூன்றாவதில் டாமி ஏஜி முதலிலேயே ஒரு ஹோம் ரன் அடித்தார். பிறகு களத்தில் பாய்ந்து பாய்ந்து இரண்டு பந்துகளைப் பிடித்தார். அவை தவறியிருந்தால் ஐந்து ஓட்டங்கள் போயிருக்கும் என்று கணக்கிட்டனர்.

நான்காவது ஆட்டம் நம் நெஞ்சைத் தொடுவது. ஒன்பதாம் இன்னிங்ஸ். மெட்ஸ் ஒரே ஓட்டத்தால் முன்னிலை. பால்டிமோரின் இருவர் தளங்களில் காத்திருக்க, ஒரு பந்து தாழ்வாகச் சீறி வலப்புறக் களத்துக்குப் பறந்தது. அங்கே நின்றவர், பந்து பிடிக்கத் தடுமாறுபவர் என்று பெயரெடுத்த ஸ்வபோடா! அவர் முழு உடலையும் நீட்டித் தரையில் பாய்ந்து, புல்லைத் தொடுவதற்கு ஒரு கணம் முன் பந்தைப் பற்றினார். ஓர் ஓட்டம் போயிற்று, ஆட்டம் போகவில்லை. பத்தாம் இன்னிங்ஸில் மெட்ஸ் வென்றது. அதிசயம் என்றனர் பார்த்தவர்கள். ஆனால், ஆட்டங்களுக்கு முன்னரெல்லாம் எட்டி யோஸ்ட் என்னும் துணைப் பயிற்சியாளர் பந்தை அடித்து அடித்து அனுப்ப, ஸ்வபோடா ஓடி ஓடிப் பிடித்துப் பழகியதைப் பார்த்தவர் எத்தனை பேர்? ஒரு விநாடியின் அதிசயத்துக்குள் எத்தனையோ நாள்களின் வியர்வை ஒளிந்திருந்தது.

அக்டோபர் 16, ஐந்தாவது ஆட்டம். ஆல் வைஸ் ஒரு ஹோம் ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். தம் சொந்த அரங்கத்தில் அவர் அதுவரை ஹோம் ரன் அடித்ததே இல்லை. அடுத்து ஜோன்ஸ் அடித்துத் தளத்தை எட்ட, ஸ்வபோடா அடித்து அவரை வீடு சேர்த்தார். கடைசிப் பந்து வானில் எழும்பி இடப்புறக் களத்தை நோக்கி இறங்கிற்று. ஜூலையில் ஹாட்ஜஸ் எந்தக் களத்தின் இடப்புறத்திலிருந்து ஜோன்ஸை அழைத்துச் சென்றாரோ, அதே களத்தின் இடப்புறத்தில் அவர் காத்து நின்றார். பந்தைப் பற்றினார், ஒரு முழங்காலில் தாழ்ந்தார். நகைப்புக்குரிய அணி உலகத் தொடரை வென்றிருந்தது. தொடரின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றவர், ஆட்டத்தை விட்டே போக எண்ணிய கிளெண்டனன். சார்லஸுக்கு அதுவே கடைசி ஆட்டம்.

நம் வீட்டுக் களம்

அவ்வணிக்கு ‘அதிசய மெட்ஸ்’ என்று பெயர் வழங்கலாயிற்று. அதிசயம் எதில் இருந்தது என்பதே நம் கேள்வி. வானத்திலிருந்து புதிய வீரர்கள் இறங்கி வரவில்லை. முந்தைய ஆண்டு ஒன்பதாம் இடத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர்தாம் ஆடினர். மாறியது அவர்களைப் பார்த்த கண். தோற்றவனை ஏளனம் செய்யாமல், தோல்வியையும் பொய்யாய்ப் புகழாமல், காலில் நோவா என்று கேட்டு, குறையைக் காட்டி, திருத்த நேரம் தந்து, அவனுக்குரிய வேலையை அவனுக்கென்றே வைத்துக் காத்திருந்த ஒரு கண். அந்தக் கண்ணை ஹாட்ஜஸ் எங்கே பெற்றார்? தாம் வீழ்ந்து கிடந்தபோது தமக்காகச் செபித்த மக்களிடம் பெற்றார் என்றே நாம் நம்புகிறோம்.

தேர்வில் தவறிய மகன் மதிப்பெண் பட்டியலோடு வாசலில் நிற்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? ‘நீ உருப்பட மாட்டாய்’ என்ற சொல் எத்தனை எளிதாக நம் நாவில் வருகிறது! இதை எழுதும் நாமும் அக்குற்றத்துக்கு விலக்கல்லோம். ஒருநாள் அவ்வாறு சொல்லிவிட்டு, இரவில் அக்குழந்தையின் அறையில் விளக்கு வெகுநேரம் எரிவதைக் கண்டு, கதவைத் தட்டவும் நாணி நின்றதுண்டு. சொல் போய்விட்டது, அதனைத் திரும்ப அழைக்கும் வழி தெரியவில்லை. வேலையிழந்து வீடு திரும்பிய கணவர், குடியை விட்டு மீண்டும் வழுக்கிய தம்பி, மணவாழ்வு முறிந்து பிறந்தகம் வந்த மகள் ஆகிய இவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் இருபத்தொரு தோல்விகளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு நாம் புதிதாய் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை.

பேதுருவை நினைத்துப் பார்ப்போம். கரியடுப்பருகே நின்று மும்முறை மறுதலித்தவர் அவர். உயிர்த்த ஆண்டவர் ஏரிக்கரையில், மறுபடியும் ஒரு கரிநெருப்பருகே, அவரை அழைத்து என்ன கேட்டார்? ஏன் மறுதலித்தாய் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. அன்பு உண்டா என்று மும்முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு வேலையைக் கையில் கொடுத்தார். மன்னிப்பு என்பது பழையதை மறப்பது மட்டுமன்று. வீழ்ந்தவனை நம்பி மீண்டும் ஒரு பொறுப்பை ஒப்படைப்பது. மகனிடம் மீண்டும் கடைக்கணக்கை ஒப்படைக்கிறோமா? தம்பியை மீண்டும் ஞானத்தகப்பனாக நிறுத்தத் துணிகிறோமா?

செபித்தல் எளிதன்று. ஒருவருக்காக உண்மையாகவே செபித்தவர், வெளியே வந்து அவரை ஏச முடியாது. ரெட்மண்ட் அடிகளார் சொன்ன சில சொற்களின் ஆற்றல் அங்கேதான் இருந்தது. செபம் ஹாட்ஜஸின் மட்டையை மாற்றியதா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். அது புரூக்ளின் மக்களின் நாவை மாற்றியது என்பதில் ஐயமில்லை.

ஹாட்ஜஸ் நீண்ட நாள் வாழவில்லை. 1972 ஏப்ரல் 2, உயிர்ப்புத் திருநாளன்று, நண்பர்களோடு கோல்ஃப் ஆடிவிட்டுத் திரும்புகையில் மாரடைப்பால் சாய்ந்தார். இரண்டு நாள் கழித்து அவருக்கு நாற்பத்தெட்டு வயது நிறைந்திருக்கும். புரூக்ளினில், கிறிஸ்தவர்களின் சகாயமாதா கோயிலில் அடக்கத் திருப்பலி நடந்தது. திருச்சிலுவைக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். பேஸ்பால் ஆட்டத்தின் புகழ்மாடத்தில் அவர் பெயரைப் பொறிக்க வேண்டும் என்னும் வேண்டுகோள் பல்லாண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தது. 2021 டிசம்பரில் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022 ஜூலையில் பெயர் பொறிக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் காத்திருந்த அவர் மனைவி, தொண்ணூற்றைந்து வயதில் அச்செய்தியைக் கேட்டு, அதே 2022 செப்டம்பரில் அவரைத் தொடர்ந்தார். காத்திருத்தலையும் அந்தக் குடும்பம் கற்றுத் தந்தது.

இன்றிரவு செபமாலை சொல்லும் வேளையில், நம் வீட்டில் இப்போது தோற்றுக்கொண்டிருப்பவர் யார் என்று சிறிது எண்ணிப் பார்ப்போம். அவர் பெயரைச் சொல்லி, அவர் காது கேட்க, ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வோம். மறுநாள் காலை அவரை நாம் பார்க்கும் பார்வை மாறியிருக்கும். வெப்பம் மிகுந்த காலம். பிரசங்கத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.